நெல்லின் நோயெதிர்ப்பும் பரம்பரையலகுத் திருத்தமும்: ஒரு வரலாற்று நோக்கு

நெற்பயிரின் பரம்பரைப் பொருளை ஆய்கூடத்தில் எழுத்தெண்ணித் திருத்தி, நோய்க்கு எளிதில் ஆட்படாத பயிராக அதனை ஆக்கும் முயற்சி 2012ஆம் ஆண்டிலே தெளிவான பயன் தந்தது. பரம்பரையலகுத் திருத்தம் என வழங்கும் இம்முறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கருவியின் புதுமையையே முதன்மைப்படுத்துவர். சிலர் அதனைப் பசிப்பிணிக்கு அருமருந்தென்பர். வேறு சிலர் இயற்கையின் எல்லையை மீறும் துணிச்சலென்பர். ஆயினும் இவ்விரு சாராரும் ஒரு கருத்தில் உடன்படுவர். பழைய வேளாண்மை மரபிலிருந்து இம்முறை முற்றாக விலகியது என்பதே அக்கருத்து.

இக்கருத்து வரலாற்றோடு பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கூரிய கத்தியொன்று கிடைத்துவிட்டது என்பது ஒரு செய்தி. அதனைக் கொண்டு எங்கே வெட்டுவது என்பது வேறொரு வினா. நெல்லின் முழுமையான பரம்பரைப் பொருளைச் சருவதேச ஆய்வுக்குழுவொன்று 2005ஆம் ஆண்டில் வெளியிட்டபொழுது, அதன் அளவு ஏறத்தாழ 39 கோடி எழுத்துக்கள் என அறியப்பட்டது. அவற்றுள் எச்சில எழுத்துக்களை மாற்றினால் நோய் நீங்கும் என்பதை எக்கருவியும் தானாக அறிவிப்பதில்லை. அவ்வறிவு எங்கிருந்து வந்தது என்னும் வினாவிற்கு விடை தேடின், ஆய்கூடத்தைக் கடந்து பழைய வயல்களையும், உழவர் பேணிய விதைகளையும், ஒரு நூற்றாண்டுக் காலப் பயிராய்வையும் நாம் நோக்கவேண்டியுள்ளது.

நோயும் பஞ்சமும்

நெல்லைத் தாக்கும் நோய்கள் பல. அவற்றுள் எரிபந்த நோய் பங்கசு ஒன்றினால் விளைவது. இலையிலும் கணுவிலும் கதிர்க்காம்பிலும் பற்றிப் பயிரை எரிந்ததுபோலாக்கும். சீனாவில் 1637ஆம் ஆண்டில் வெளிவந்த தொழில்நூலொன்று இந்நோயைக் குறிப்பிடுவதாக அறிஞர் கருதுவர். பற்றீரியா இலை வெளிறல் நோய் யப்பானின் புக்குவோக்காப் பகுதியில் 1884ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. நீரை மேலே கொண்டுசெல்லும் காழ்க் கலன்களில் வாழும் பற்றீரியா ஒன்று இதற்குக் காரணமாகும். இவற்றோடு கபிலப் புள்ளி நோய், துங்குரோ வைரசு நோய் என்பனவும் ஆசிய உழவர் நன்கறிந்தவை.

நெல்லின் நோய் ஒரு சமுதாயத்தின் வாழ்வை எவ்வளவு ஆழமாகத் தொடக்கூடும் என்பதற்கு வங்காளத்தின் வரலாறு சான்றாகும். 1942ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வங்காள வயல்களைக் கபிலப் புள்ளி நோய் பெருமளவிற் பீடித்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் கரையோரத்தைப் பெரும்புயல் தாக்கிற்று. அடுத்த ஆண்டுப் பஞ்சத்தில் மாண்டோர் தொகை இருபது இலட்சத்திற்கும் முப்பது இலட்சத்திற்கும் இடைப்பட்டதென மதிப்பிடுவர். பயிர்நோய் அறிஞராகிய எஸ். வை. பத்மநாபன் 1973இல் எழுதிய கட்டுரையொன்றில் இப்பஞ்சத்திற்கு அந்நோயே முதன்மையான காரணமென வாதிட்டார். பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலிலே, உணவின் தட்டுப்பாட்டைவிட, விலையேற்றத்தால் ஏழை மக்கள் உணவைப் பெறும் வலுவை இழந்தமையே பஞ்சத்தின் அடிப்படை என நிறுவ முயன்றார். இவ்விவாதத்தைத் தீர்த்துவைப்பது ஈண்டு நம் நோக்கமன்று. வயலிலே பயிரைக் காத்தல், விளைந்ததை எவர் பெறுவர் என்பதை வகுத்தல் என்னும் இரு வினாக்களும் ஒன்றினுள் ஒன்று அடங்காதவை என்பதை மட்டும் மனங்கொள்ளல் வேண்டும்.

அப்பஞ்சத்தின் பின்விளைவுகளுள் ஒன்றாக, 1946ஆம் ஆண்டிலே ஒரிசாவின் கட்டாக் நகரில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் நோயெதிர்ப்பு ஆய்வின் போக்கை மாற்றிய கண்டுபிடிப்பொன்று அந்நிலையத்திலே நிகழ்ந்தது. அதனைக் கூறுமுன், நோயெதிர்ப்பு எவ்வாறு பரம்பரையாகக் கடத்தப்படுகின்றது என்பதை விளக்குதல் தகும்.

காவலும் கதவும்

மெண்டலின் விதிகள் 1900ஆம் ஆண்டில் மீண்டும் கண்டறியப்பட்டன. ஐந்து ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றோலண்ட் பிபென் என்பவர், கோதுமையின் மஞ்சட் துரு நோய்க்கான எதிர்ப்பு மெண்டலின் விதிகளுக்கு அமையவே கடத்தப்படுகின்றது எனக் காட்டினார். அதுவரை பயிரின் பொதுவான திடத்தின் விளைவாகக் கருதப்பட்ட நோயெதிர்ப்பு, தனித்துக் கையாளத்தக்க ஓர் இயல்பாக அன்று முதல் விளங்கிற்று. பிபென் கண்ட எதிர்ப்பு பின்னிடைவான இயல்பு என்பது குறிப்பிடத்தக்கது. தாய்வழியும் தந்தைவழியும் வந்த இரு பிரதிகளும் மாறியிருந்தாலன்றி அவ்வெதிர்ப்பு வெளிப்படாது.

எனினும் அடுத்து வந்த ஆய்வாளரின் கவனம் பெரும்பாலும் ஆட்சியான எதிர்ப்பின் மீதே சென்றது. அதற்குக் காரணமும் உண்டு. ஆட்சியான பரம்பரையலகு ஒரு பிரதியாக இருந்தாலும் தொழிற்படும். கலப்பில் அதனைப் பின்தொடர்வது எளிது. அமெரிக்காவின் வட டக்கோட்டாவில் ஆளிப் பயிரின் துரு நோயை ஆராய்ந்த ஹரோல்ட் புளோர், 1940களில் இவ்வெதிர்ப்பின் இலக்கணத்தை வகுத்தார். பயிரிலுள்ள எதிர்ப்புப் பரம்பரையலகு ஒவ்வொன்றிற்கும் ஈடாக நோய்க்கிருமியிலும் ஒரு பரம்பரையலகு உண்டு. கிருமியின் அப்பொருளைப் பயிர் இனங்கண்டால் நோய் தடைப்படும். கிருமி அதனை மாற்றிக்கொண்டால் தடை நீங்கும் என்பதே அவர் முடிபு.

இதனை ஒரு வீட்டுக்கு ஒப்பிடலாம். ஆட்சியான எதிர்ப்பு வாயிலில் நிற்கும் காவலாளன் போன்றது. திருடனின் முகத்தை அவன் அறிவான், அறிந்தவனைத் தடுப்பான். திருடன் முகத்தை மாற்றிக்கொண்டு வரின் காவலாளன் ஏமாறுவான். பின்னிடைவான எதிர்ப்புப் பெரும்பாலும் வேறு வகையினது. திருடன் வழக்கமாக நுழையும் கதவே அங்கு இல்லாமற் போதலை, அன்றி அவன் கையிலுள்ள திறவுகோலுக்கு அக்கதவின் பூட்டுப் பொருந்தாமற் போதலை அது ஒத்தது. முதலாவது வகை பயிருக்கு ஒன்று உண்மையால் விளைவது; இரண்டாவது வகை ஒன்று இன்மையால், அன்றி மாறியமையால் விளைவது. இவ்வேறுபாடு பிற்காலத்திற் பெருமுக்கியத்துவம் பெற்றது.

காவலாளரின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நெல்லாய்வு பெரும்பாலும் காவலாளரைத் தேடும் ஆய்வாகவே அமைந்தது. இலங்கையில் 1952ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில், முருங்கைக்காயன் 302 என்னும் உள்நாட்டு நெல்லும் இந்தோனேசியாவின் மாஸ் என்னும் நெல்லும் கலக்கப்பட்டு எச்-4 என்னும் இனம் உருவாயிற்று. 1950களின் பிற்பகுதியில் உழவர்க்கு வழங்கப்பட்ட அவ்வினம் பசளைக்கு நன்கு ஈடுகொடுத்ததோடு எரிபந்த நோயையும் தாங்கிற்று. நைதரசன் பசளை மிகும்பொழுது எரிபந்த நோயும் மிகுவது இயல்பு. ஆதலின் நோயெதிர்ப்பு இல்லாத நெல்லுக்குப் பசளையிடுதல் நோய்க்கு உணவிடுதலாகவும் முடியக்கூடும். எச்-4 நாடெங்கும் பரவியமைக்கு அதன் விளைச்சலோடு இத்தாங்கும் இயல்பும் துணைநின்றது.

பிலிப்பைன்சிலுள்ள சருவதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் குட்டைநெல் விளைச்சலிற் புரட்சி செய்தது. ஆயினும் பற்றீரியா இலை வெளிறல் நோய்க்கு அது எளிதில் ஆட்பட்டது. 1969இல் வந்த ஐ.ஆர். 20 இக்குறையைத் தீர்க்க முயன்றது. அதற்குரிய எதிர்ப்புப் பரம்பரையலகாகிய எக்ஸ்ஏ-4, தமிழ்நாட்டின் திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையத்திற்குரிய ரி.கே.எம். 6 என்னும் நெல்லிலிருந்து பெறப்பட்டது. அதன்பின் ஆசியாவின் பல நெல்லினங்களில் இவ்வொரே பரம்பரையலகு இடம்பெற்றது. ஒரே காவலாளனை எல்லா வீட்டு வாயிலிலும் நிறுத்தியதற்கு ஒப்பான நிலை அது. பிலிப்பைன்சில் எக்ஸ்ஏ-4 பரவலாகப் பயிரிடப்பட்டபொழுது, முன்னர் பெருகியிருந்த கிருமிக் குலவகை குறைந்து, அதனை வெல்லவல்ல வேறொரு குலவகை தலையெடுத்தது. புளோர் ஆளிப் பயிரிற் கண்ட இலக்கணம் நெல்வயலிலும் உறுதிப்பட்டது.

இந்நிலையிலேதான் கட்டாக் நிலையத்தின் பங்கு வருகின்றது. ஆபிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து பெறப்பட்ட காட்டுநெல் ஒன்று, இந்தியாவிற் சோதிக்கப்பட்ட வெளிறல் நோய்க் குலவகைகள் அனைத்தையும் தாங்குவதை அங்கு ஆய்வு நடத்திய தேவதத் என்பவர் கண்டறிந்தார். உணவுக்கென எவரும் விரும்பிப் பயிரிடாத அந்நெல்லைக் குர்தேவ் குஷ் தலைமையிலான பிலிப்பைன்ஸ் ஆய்வாளர் நாட்டு நெல்லோடு பன்னிரண்டு ஆண்டுகள் மீண்டும் மீண்டும் கலந்து, எதிர்ப்பை மட்டும் பிரித்தெடுத்தனர். எக்ஸ்ஏ-21 எனப் பெயர்பெற்ற அப்பரம்பரையலகைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பமேலா றொனால்டின் ஆய்வுக்குழு 1995ஆம் ஆண்டிலே தனித்துப் பிரித்து வெளியிட்டது. பஞ்சத்தின் நினைவில் எழுந்த ஒரு நிலையமும், மாலி நாட்டுச் சதுப்பில் வளர்ந்த ஒரு புல்லும், கலிபோர்னிய ஆய்கூடமும் இவ்வாறு ஒரே வரலாற்றில் இணைந்தன.

இல்லாமையைக் கற்பித்த நெல்

காவலாளரைத் தேடிய இக்காலத்திலும் பின்னிடைவான எதிர்ப்புக் கொண்ட சில நெல்லினங்கள் பதிவேடுகளில் இடம்பெற்றன. இந்தியாவின் பி.ஜே. 1 என்னும் பழைய நெல்லிற் காணப்பட்ட எக்ஸ்ஏ-13 அவற்றுள் ஒன்று. அதனைக் கையாள்வது கடினமாயிருந்தமையாற் பலர் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அதன் உண்மை 2006ஆம் ஆண்டிலே சீனாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளால் வெளியாயிற்று. அது புதிதாக எதனையும் செய்யும் பரம்பரையலகு அன்று. எல்லா நெல்லிலும் உள்ள ஒரு பரம்பரையலகின் முகப்புப் பகுதி, அதாவது அப்பரம்பரையலகு எங்கே எப்பொழுது இயங்கவேண்டும் என்பதை நிர்ணயிக்கும் பகுதி, அந்நெல்லிற் சிறிது மாறியிருந்தது. மாற்றம் அவ்வளவே.

அம்மாற்றம் எவ்வாறு நோயைத் தடுக்கின்றது என்பது 2010ஆம் ஆண்டில் மேலும் தெளிவாயிற்று. வூல்வ் புறொம்மரின் ஆய்வுக்குழு, கலத்திலிருந்து வெல்லத்தை வெளியே கடத்தும் புரதக் குடும்பமொன்றைக் கண்டறிந்தது. இனிமை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தழுவி அதற்குச் சுவீற் எனப் பெயரிடப்பட்டது. எக்ஸ்ஏ-13 என்பது அக்குடும்பத்தின் பதினோராம் உறுப்பின் மாறிய வடிவமே. வெளிறல் நோய்ப் பற்றீரியா தன் புரதமொன்றைப் பயிர்க் கலத்தினுள் ஏற்றும். அப்புரதம் கலத்தின் கருவினுட் புகுந்து, சுவீற் பரம்பரையலகின் முகப்பைப் பற்றி அதனை இயக்கும். வெல்லம் வெளியே கசியும். கிருமி உண்டு பெருகும். பி.ஜே. 1 நெல்லில் அம்முகப்பு மாறியிருந்தமையால் அதனைப் பயன்படுத்திய குலவகைகளின் திறவுகோல் பொருந்தவில்லை. பயிர் போரிட்டு வெல்லவில்லை. கிருமிக்கு உணவளிக்க மறுத்தது.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது மற்றொரு நுட்பம். அச்சுவீற் பரம்பரையலகின் இயக்கத்தை ஆய்வாளர் பெரிதும் ஒடுக்கியபொழுது மகரந்தம் வளங்குன்றிற்று. கிருமி பயன்படுத்தும் கதவு பயிருக்கும் வேண்டிய கதவே. ஆதலின் அதனை முற்றாக அடைத்தல் தகாது. பயிருக்கு வழிவிட்டுக் கிருமிக்கு மட்டும் பூட்டை மாற்றவேண்டும். பழைய நெல் அதனையே செய்திருந்தது. இயற்கையில் நேர்ந்த மாற்றங்களுள் வாழத்தக்கதை உழவர் தலைமுறை தலைமுறையாக விதைத்துப் பேணியதன் பயன் இது.

யப்பானின் மேட்டுநில நெல்லும் இத்தகைய பாடமொன்றைத் தந்தது. ஓவாரிகத்தமோச்சி என்னும் அந்நெல் எரிபந்த நோயை நெடுங்காலம் தாங்கிநின்றது. ஆனால் அவ்வெதிர்ப்பைத் தாழ்நில நெல்லிற் சேர்க்க முயன்றபோதெல்லாம் சோற்றின் சுவை கெட்டது. 2009ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் இதன் காரணத்தை வெளியிட்டனர். பை-21 என்னும் பரம்பரையலகு பயிரின் தற்காப்பை மந்தமாக்குவது. மேட்டுநில நெல்லில் அதன் இரு சிறு துண்டுகள் இல்லாமையால் அம்மந்தம் நீங்கிற்று. சுவையைக் கெடுக்கும் வேறொரு பரம்பரையலகு அதற்கு மிக அருகே அமைந்திருந்தமையால் இரண்டும் ஒன்றாகவே கடத்தப்பட்டன. பெருந்தொகையான வழித்தோன்றல்களை ஆராய்ந்த பின்னரே இரண்டையும் பிரிக்க இயன்றது. கலப்பு முறையின் எல்லையையும், எழுத்தெண்ணித் திருத்தும் முறையின் தேவையையும் இதனினும் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு அரிது.

கிருமியின் திறவுகோலே கருவியாதல்

எங்கே வெட்டுவது என்ற வினாவிற்கு விடை இவ்வாறு கிடைத்த காலத்திலேயே வெட்டும் கருவியும் உருவாகியது. அது தோன்றிய இடம் வியப்புக்குரியது. பயிரின் முகப்புப் பகுதியைப் பற்றும் பற்றீரியாப் புரதம், டேல் எனச் சுருக்கமாக வழங்குவது, தனக்குரிய இடத்தை எவ்வாறு இனங்காணுகின்றது என்பதை 2009ஆம் ஆண்டிலே யேர்மனியிலும் அமெரிக்காவிலும் இயங்கிய இரு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அப்புரதம் ஒரேமாதிரியான அலகுகள் அடுக்கப்பட்ட சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் வேறுபடும் இரு அமினோவமிலங்கள் டி.என்.ஏ.யின் ஓர் எழுத்தை இனங்காணும். இக்குறியீடு தெரிந்தபின், விரும்பிய இடத்தைப் பற்றும் புரதத்தை மனிதரே அமைத்து, அதனோடு வெட்டும் நொதியத்தை இணைக்க முடிந்தது. டேலென் என்னும் கருவி அவ்வாறு பிறந்தது.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிங் யாங்கும் அவருடன் சேர்ந்தோரும் இக்கருவியை நெல்லிற் பயன்படுத்தி, 2012ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். சுவீற் குடும்பத்தின் பதினான்காம் பரம்பரையலகின் முகப்பில் கிருமி பற்றும் இடத்தை அவர்கள் வெட்டினர். பயிர்க்கலம் அவ்வெட்டைத் தானே பொருத்தியபொழுது சில எழுத்துக்கள் விடுபட்டன. அவ்விடத்தைப் பயன்படுத்தும் குலவகைகள் அந்நெல்லில் நோயை உண்டாக்க இயலாதவாயின. வெட்டும் கருவிக்குரிய டி.என்.ஏ.யை அடுத்த தலைமுறையில் நீக்கிவிடவும் முடிந்தது. பி.ஜே. 1 நெல்லில் இயற்கை செய்ததை வேறொரு கதவில் மனிதர் செய்தனர். அதுவும் கிருமியின் திறவுகோலையே வார்ப்பாகக் கொண்டு செய்தனர்.

அதே 2012ஆம் ஆண்டிலே ஜெனிபர் டௌட்னா, எம்மானுவெல் சார்ப்பென்ரியர் ஆகியோர் தம் குழுவினரோடு கிறிஸ்பர் என்னும் எளிய கருவியை விளக்கினர். அதுவும் பற்றீரியாவிடமிருந்தே பெறப்பட்டது. அதன் அடிப்படையான மீள்வரும் எழுத்துத் தொடர்களை ஒசாக்காப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1987இலேயே கண்டிருந்தனர். 2013இல் கிறிஸ்பர் நெல்லிற் கையாளப்பட்டது. 2020இல் அவ்விருவரும் இரசாயனத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர். 2018இல் பிலிப்பைன்ஸ் நிலையத்தின் ஆய்வாளர் ஐ.ஆர். 64 நெல்லில் ஒரு பரம்பரையலகைத் திருத்தித் துங்குரோ வைரசைத் தாங்கும் பயிரைப் பெற்றனர். 2019இல் பல நாட்டு ஆய்வாளர் ஒன்றுகூடி, வெளிறல் நோயின் 63 குலவகைகளின் திறவுகோல்களை ஆராய்ந்து, சுவீற் குடும்பத்தின் மூன்று பரம்பரையலகுகளின் முகப்புக்களையும் ஒருங்கே திருத்தினர். ஆசியாவிற் பரவலாகப் பயிரிடப்பட்ட ஐ.ஆர். 64, இந்தோனேசியாவின் சிகெராங்-சப் 1 ஆகிய நெல்லினங்களும் அவ்வாறு திருத்தப்பட்டன.

இதனாற் பழைய முறை பயனற்றதாயிற்று எனக் கொள்ளலாகாது. இந்தியாவின் சம்பா மசூரி நெல்லில் எக்ஸ்ஏ-5, எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-21 ஆகிய மூன்றும் மூலக்கூற்று அடையாளங்களின் துணையுடன் கலப்பு முறையாலேயே சேர்க்கப்பட்டு, அவ்வினம் 2008ஆம் ஆண்டில் உழவர்க்கு விடப்பட்டது. காவலாளனையும் மாறிய பூட்டையும் ஒரே வீட்டில் வைத்த முயற்சி அது.

வரையறைகள்

பூட்டை மாற்றியதனால் நோய் நிரந்தரமாக ஒழிந்ததா? தன்சானியாவின் அனுபவம் இதற்கு விடையாகும். ஆபிரிக்காவின் வெளிறல் நோய்க் குலவகைகள் பெரும்பாலும் பதினான்காம் சுவீற் கதவையே நாடின. ஆனால் 2019ஆம் ஆண்டளவில் தன்சானிய வயல்களிற் பரவிய நோயை ஆராய்ந்தபொழுது, ஆசியக் குலவகைகளோடு நெருங்கிய உறவுடைய கிருமிகள் அங்குக் காணப்பட்டன. அவை பதினோராங் கதவைத் திறக்கும் திறவுகோலையும் கொண்டிருந்தன. இதனால் ஆய்வாளர் கிழக்காபிரிக்காவுக்குரிய கொம்போக்கா என்னும் நெல்லில் மூன்று முகப்புக்களிலும் உள்ள ஆறு இடங்களைத் திருத்தி, 2023இல் முடிபுகளை வெளியிட்டனர். கிருமி பயணஞ் செய்வது, மாறுவது. எந்தக் குலவகை எந்த வயலில் உள்ளது என்பதைத் தொடர்ந்து அறியாத நாட்டிற்கு மிகச் சிறந்த கருவியும் முழுப் பயன் தராது.

பயிர் செலுத்தவேண்டிய விலையும் உண்டு. சீனாவின் வூகான் நகரிலுள்ள குவாசொங் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்ட குழு 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பரம்பரையலகு 29 எழுத்துக்களை இழந்தபொழுது நெல் எரிபந்தம், வெளிறல் ஆகிய இரு நோய்களையும் தாங்கிற்று. ஆனால் இலைகளிலே தானாகப் புள்ளிகள் தோன்றி விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. கிறிஸ்பர் மூலம் பல்வேறு மாற்றங்களை உண்டாக்கித் தேடியதில், 12 எழுத்துக்களை மட்டும் இழந்த வடிவமொன்று எதிர்ப்பைக் காத்து விளைச்சலையும் காத்தது. வாழத்தக்க மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தல் என்னும் உழவரின் பழைய பணியே ஈண்டு ஆய்கூடத்தில் மீண்டும் நிகழ்ந்தது.

உரிமையும் சட்டமும்

வங்காளப் பஞ்சம் எழுப்பிய இரண்டாவது வினா, பயனை எவர் பெறுவர் என்பது, இவ்வரலாற்றிலும் தொடர்கின்றது. எக்ஸ்ஏ-21இன் மூலமாகிய காட்டுநெல் மாலி நாட்டிற்குரியது. அப்பரம்பரையலகுக்குக் காப்புரிமை கோரப்பட்டபொழுது, மூலவளம் தந்த நாட்டிற்கும் பங்கு சேரவேண்டுமெனக் கருதி டேவிஸ் வளாகத்தில் 1996ஆம் ஆண்டிலே நிதியமொன்று அமைக்கப்பட்டது. உரிமம் பெற முன்வந்த கம்பனிகள் அப்பரம்பரையலகைச் சந்தைக்குக் கொண்டுவராமையால், அந்நிதியத்தில் எதிர்பார்த்த பணம் சேரவில்லை. நல்லெண்ணம் மட்டும் நீதியாகாது. அதனை நடைமுறையாக்கும் ஒழுங்குகளும் வேண்டும் என்பதையே இது காட்டுகின்றது.

திருத்தப்பட்ட பயிரைச் சட்டம் எவ்வாறு நோக்கவேண்டும் என்பதிலும் நாடுகள் வேறுபட்டன. ஐரோப்பிய நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு யூலையில், இத்தகைய பயிர்களும் பரம்பரையலகு மாற்றப்பட்ட உயிரிகளுக்கான சட்டத்திற்கு உட்பட்டவை எனத் தீர்ப்பளித்தது. இந்தியா 2022ஆம் ஆண்டு மார்ச்சில், பிற உயிரியின் டி.என்.ஏ. எஞ்சாத திருத்தப் பயிர்களுக்கு அத்தகைய விதிகள் சிலவற்றிலிருந்து விலக்களித்தது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கு அறிவிக்கப்பட்ட இரு திருத்தநெல் இனங்கள் விளைச்சலையும், வறட்சியையும் உவரையும் தாங்கும் திறனையும் நோக்கியவையேயன்றி, நோயெதிர்ப்பை நோக்கியவை அல்ல. இத்தாலியில் மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர், எரிபந்த நோயைத் தாங்குமாறு கிறிஸ்பராற் திருத்திய நெல்லை 2024ஆம் ஆண்டு மே மாதத்திற் சிறு வயலொன்றில் நட்டனர். திருத்தப்பட்ட பரம்பரையலகுகளுள் யப்பானிய மேட்டுநில நெல் கற்பித்த பை-21உம் ஒன்று. அடுத்த மாதமே இனந்தெரியாதோர் இரவில் அப்பயிரை அழித்தனர். எதிர்ப்போரின் ஐயங்களைச் செவிமடுத்தல் வேண்டும். விதையின் உரிமை சிலர் கையிற் குவியும் என்னும் அச்சம் வெற்றச்சம் அன்று. ஆனால் வயலை அழிப்பதனால் அவ்வச்சத்திற்கு விடை கிடைப்பதில்லை. பொதுநிதியில் இயங்கும் ஆய்வு நலிவுறின், எஞ்சுவது காப்புரிமையுடைய தனியார் ஆய்வே.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பரம்பரையலகுத் திருத்தம் பழைய வேளாண்மையிலிருந்து முற்றாக விலகியது என்னும் கருத்து பொருந்தாது என்பது புலனாகும். கருவி புதியதே, அதன் விரைவும் நுட்பமும் மறுத்தற்கரியவை. ஆனால் வெளிறல் நோயைத் தடுக்கும் வழியைக் காட்டியது ஓர் இந்திய நெல். எரிபந்த நோயைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றைக் காட்டியது ஒரு யப்பானிய நெல். அவை கையாள வசதியற்றவை எனக் கழித்துவிடப்பட்டிருப்பின், கத்தி கையில் இருந்தும் வெட்டும் இடம் தெரியாதிருந்திருக்கும்.

இதிலிருந்து நம் நாட்டிற்குரிய முடிபு ஒன்று பெறப்படும். முருங்கைக்காயன் ஒருகாலத்தில் எச்-4இன் தாயாக அமைந்தது. பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் முதலிய பழைய நெல்லினங்களின் பரம்பரைப் பொருளிலும் வருங்காலத்திற்குரிய விடைகள் இருத்தல் கூடும். அவற்றைக் கன்னொறுவை விதைக் களஞ்சியத்திற் குளிரூட்டிப் பேணுதல் இன்றியமையாதது. ஆயினும் அது போதாது. அவை எந்நோயைத் தாங்குகின்றன, எவ்வாறு தாங்குகின்றன என ஆராய்தல் வேண்டும். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் நம் வயல்களில் உலவும் கிருமிக் குலவகைகளை ஆண்டுதோறும் கணக்கெடுத்தல் வேண்டும். இவ்விரு பணிகளும் பெருஞ்செய்தியாகா, பரிசுகளும் பெறா. எனினும் இவற்றைச் செய்த நாடே புதிய கருவியைத் தன் தேவைக்கேற்பக் கையாளவல்லது. செய்யாத நாடு, பிறர் தம் வயல்களுக்கென மாற்றிய பூட்டை விலைகொடுத்து வாங்கித் தன் கதவில் பொருத்திப் பார்க்கும் நிலையிலேயே நிற்கும்.